வாங்கியவர் கையில் தங்காத பொருள்

உடைமையின் கதை – பகுதி 23

சென்ற இதழில் 1952-ஆம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் நிலத்தை மிராசுதாரரிடமிருந்து வாங்கி உழுதவருக்குக் கொடுத்துவிடவில்லை. பட்டா மிராசுதாரர் பெயரிலேயே இருந்தது. ஆனால், அறுவடை முடிந்த கையோடு, காரணம் எதுவும் சொல்லாமல், அடுத்த சாகுபடிக்கு நீ வேண்டாம் என்று ஒரு குடும்பத்தை வெளியேற்றும் அதிகாரத்துக்கு அந்தச் சட்டம் வரம்பு கட்டியது. உடைமை என்பது பல உரிமைகளின் தொகுப்பு. அவற்றில் வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமைதான் எளியவருக்கு முதலில் வேண்டியது என்று அந்தப் பகுதியை முடித்தோம்.

இந்த இதழில் கையால் தொட முடியாத ஓர் உடைமைக்கு வருகிறோம்: வீடியோ கேம். நிலமும் நீரும் கோயிலும் பேசிய தொடரில் இதற்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என டெல்டாவின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், இன்று முப்பதுகளில் இருக்கும் ஒரு தலைமுறையின் இளமை நினைவுகளில் இந்த ஆட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் பல இன்று இணையக் கடைகளில் கிடைப்பதில்லை. சில, பணம் கொடுத்து வாங்கியவரிடமே இயங்க மறுக்கின்றன. விலை கொடுத்தவருக்கு அந்தப் பொருளின் மேல் என்ன உரிமை என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. என்னுடையது என்று நம்பிய பொருள் ஒரே நாளில் பிறருடையதாகும் அனுபவம் தஞ்சாவூருக்கு ஏற்கெனவே உண்டு. 1855-க்குப் பிறகு அது அரண்மனைக்குள்ளேயே நடந்தது.

அரண்மனையில் விழுந்த முத்திரை

1799 உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி தஞ்சாவூர் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் ஓய்வூதியமும் அவருக்கு மிஞ்சின. ஆட்சி போன பிறகு அவர் நூல்களின் பக்கம் திரும்பினார். நாயக்கர் காலத்திலிருந்து அரண்மனையில் சேர்ந்துவந்த சுவடிகளோடு, காசி யாத்திரையில் திரட்டியவை, ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த அச்சு நூல்கள், படங்கள், வரைபடங்கள் எல்லாம் அரண்மனை நூலகமான சரசுவதி மகாலில் சேர்ந்தன. அந்த அச்சு நூல்கள் பலவற்றில் அவர் ஆங்கிலத்தில் இட்ட கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். என்னுடையது என்று சொல்ல ஒரு மனிதன் இடக்கூடிய மிகத் தெளிவான அடையாளம் அது.

அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு அழிந்துவிட்டது என்று கம்பெனி அறிவித்தது. 1856 அக்டோபரில் கம்பெனியின் ஆணையர் ஃபோர்ப்ஸ் படையுடன் அரண்மனைக்குள் நுழைந்து, கருவூலத்தை முத்திரையிட்டு, உடைமைகளைக் கைப்பற்றினார். ஆட்சிக்குரிய சொத்து எது, குடும்பத்தின் தனிச் சொத்து எது என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை.

மூத்த அரசி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாடு போகட்டும், என் கணவரின் தனிச் சொத்தை எப்படி எடுக்கலாம் என்பதே அவர் வழக்கு. சென்னை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. லண்டனில் பிரிவி கவுன்சில் 1859-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கைப்பற்றியது அரசுச் செயல். அது நியாயமா அநியாயமா என்று ஆராயும் அதிகாரம் உள்நாட்டு நீதிமன்றம் எதற்கும் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அநியாயம் நடந்திருந்தாலும் கேட்பதற்கு இடம் இல்லை என்று உலகின் மிகப் பெரிய பேரரசின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு கைம்பெண்ணிடம் சொன்னது.

1862-இல் அரசு மனம் மாறித் தனிச் சொத்துகளை அரசிகளிடம் திரும்பக் கொடுத்தது. ஆனால் உங்கள் உரிமையை ஒப்புக்கொள்கிறோம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அரசின் கொடையாகக் கொடுத்தது. பின்னால் வந்த வழக்குகளில் சென்னை நீதிமன்றமும் அதை அரசின் புதிய கொடை என்றே எடுத்துக்கொண்டது. பொருள் அதே பொருள்தான். உரிமையாக இருந்தது, ஏழு ஆண்டுகளில் கருணையாக மாறித் திரும்பி வந்தது. இந்தத் தொடரின் இனிவரும் பகுதிகளுக்கும் இந்த வேறுபாடு அடிப்படை: கருணையால் கிடைத்ததைக் கருணை தீர்ந்த அன்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

சிடி காலம்

இப்போது 2000-களுக்கு வருவோம். வைஸ் சிட்டி என்ற ஆட்டம் 2002-இல் பிளேஸ்டேஷன் 2-இலும் 2003-இல் கணினியிலும் வந்தது. டெல்டாவின் பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றி முளைத்த பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் கட்டணத்தில் அதை ஆடாத பள்ளிப் பையன்கள் குறைவு. ரோட் ராஷ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ் போன்ற பழைய ஆட்டங்களும் அங்கே இருந்தன. பெரும்பாலானவை நகல் சிடிக்கள். படைத்தவருக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை. அதை நியாயப்படுத்த முடியாது. அசல் சிடி வாங்கியவர்களும் இருந்தார்கள். அசலோ நகலோ, வீட்டில் இருந்த அந்த சிடியை வெளிநாட்டில் இருந்த ஒரு நிறுவனம் நினைத்தாலும் எடுத்துப் போக முடியாது. தம்பிக்குக் கொடுக்கலாம், நண்பரிடம் மாற்றலாம், பழைய கடையில் விற்கலாம்.

பிறகு சிடி போய் டவுன்லோடு வந்தது. வைஸ் சிட்டியின் அடுத்த கதை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தில் கார் ரேடியோவில் ஒலிக்கும் 1980-களின் பாடல்கள் அதன் உயிர். பாடல்களுக்கான அனுமதியோ சில ஆண்டுகளுக்குத்தான். அதே வரிசையின் சான் ஆண்ட்ரியாஸ் ஆட்டத்திலிருந்து 2014-இலும், நான்காம் பாகத்திலிருந்து 2018-இலும் பல பாடல்கள் அப்டேட் வழியாக நீக்கப்பட்டன. ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளிலும் அவை போயின. 2021-இல் ராக்ஸ்டார் நிறுவனம் வைஸ் சிட்டி உள்ளிட்ட மூன்று பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து ஒரே தொகுப்பாக வெளியிட்டபோது, பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. புதிய தொகுப்பு குறைகளோடு வந்ததால் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அதே நவம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழையவற்றைத் தன் கடையில் மீண்டும் வைப்பதாக அறிவித்தது. 1862-இல் தஞ்சாவூர் அரசிகளுக்குக் கிடைத்ததும் இதே வகைத் திரும்பக் கொடுத்தல்தான்.

2020 செப்டம்பர் 2

நம் ஊர்களை நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி, பப்ஜி மொபைல் என்ற கைபேசி ஆட்டத்தின் தடை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவில் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. ஊரடங்கு மாதங்களில் திண்ணையிலும் களத்துமேட்டிலும் கைபேசியோடு உட்கார்ந்து ஆடியவர்களில் எத்தனையோ பேர், ராயல் பாஸுக்கும் ஆட்டக்காரரின் உடைகளுக்கும் துப்பாக்கி அலங்காரங்களுக்கும் பணம் செலவிட்டிருந்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்காக ஓர் அரசு ஒரு செயலியைத் தடை செய்யலாமா என்பது வேறு வாதம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: வாங்கியவருக்கு அந்தப் பொருளுக்காகக் கேட்கக்கூடிய உரிமை எதுவும் எந்தத் தரப்பிடமும் இருக்கவில்லை.

2021 ஜூலை 2 அன்று தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் அதை மீண்டும் கொண்டுவந்தது. பழைய கணக்கில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழியும் செய்தது. நல்ல செயல்தான். ஆனால் அது நிறுவனத்தின் விருப்பம். செய்யாமல் விட்டிருந்தாலும் கேள்வி கேட்டிருக்க முடியாது. 2022 ஜூலை 28 அன்று அந்தப் புதிய ஆட்டமும் அரசு உத்தரவால் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து நீங்கியது; 2023 மே மாதம்தான் திரும்பியது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே ஆட்டம் இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தது. நான்கு முறையும் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை.

உலகத்தில் நடப்பது

வெளிநாடுகளில் கதை இதைவிடக் கடுமையானது. 2014-இல் வெளிவந்த தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்தை யூபிசாஃப்ட் நிறுவனம் 2023 டிசம்பரில் கடைகளிலிருந்து நீக்கி, 2024 மார்ச் 31 அன்று சர்வரையும் நிறுத்தியது. ஒருவர் தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், வட்டு வாங்கிய வீடுகளிலும் ஆட்டம் செத்தது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29 அன்று மூடியது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று காட்டியது.

எதிர்ப்பும் எழுந்தது. தி க்ரூ நிறுத்தப்பட்டதும் ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவாக மாறி, 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைப் பெற்றது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: பின்னாளில் பறிக்கப்படக்கூடிய அனுமதியை விற்கும் கடை, அது அனுமதி மட்டுமே என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நேர்மையான முதல் படி. ஆனால் பறிப்பதை அது தடுக்கவில்லை. பறிப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வைக்கிறது, அவ்வளவுதான்.

நகல் எடுத்ததால் தப்பியவை

இனி மீண்டும் தஞ்சாவூர். அரசிகளுக்குப் பொருள் திரும்பியதோடு சரசுவதி மகாலின் கதை முடியவில்லை. மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னெல் அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார்; அது 1880-இல் லண்டனில் அச்சானது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளி உலகம் அறிந்தது. பின்னர் அரச குடும்பத்தார் நூலகத்தைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுக்க, 1918 அக்டோபரில் சென்னை அரசு அதை அறக்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பொது நூலகமாக்கியது. 1983-இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே 40,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. ஓர் அரசரின் விருப்பம், கம்பெனியின் முத்திரை, பேரரசின் கருணை என்று கைமாறிய தொகுப்பு, 1918-இல்தான் எவர் மனமாற்றத்தாலும் மறையாத இடத்துக்கு வந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனையோலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. பூச்சி அரிக்கும், முறியும், எழுத்து மங்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். சங்க இலக்கியம் நம் கைக்கு வந்தது அசல் ஏட்டால் அல்ல, தலைமுறை தலைமுறையாக எடுத்த நகலால். சிவாஜி மன்னர் இறந்த அதே 1855-இல் பிறந்தவர், பாபநாசம் அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு 1887-இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து பல ஏடுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். பல கைகளில் பல நகல்கள் இருந்ததால்தான் அந்த ஒப்பீடு முடிந்தது. ஒரே ஏடு ஒரே வீட்டில் பூட்டியிருந்தால், அந்த வீட்டோடு நூலும் போயிருக்கும். இன்றைய ஆட்டங்கள் அந்த நிலையில்தான் இருக்கின்றன. நகல் எடுக்க முடியாதபடி பூட்டு, ஒரே சர்வர், அந்த ஒன்றும் நிறுவனத்தின் கையில்.

நம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. அதன் 52-ஆவது பிரிவு, நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்தால் உதவும் என்று ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சிடி காலத்துக்கு இது போதும். தொலைவில் இருக்கும் சர்வர் இல்லாமல் இயங்காத ஆட்டத்துக்குக் காப்பு நகல் எடுத்து என்ன பயன்?

அதே பிரிவில், 2012 திருத்தத்துக்குப் பிறகு, இலாப நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நூலகத்திடம் மின்னணு அல்லாத பிரதி ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். காகிதப் புத்தகத்தை மனதில் வைத்து எழுதிய விதி. இணையக் கடையில் மட்டும் வெளியாகும் ஆட்டத்துக்கு அப்படி ஒரு பிரதி பிறப்பதே இல்லை. ஆகவே நம் நூலகம் எதுவும் இந்த விதியைக் கொண்டு அதைக் காப்பாற்ற முடியாது.

நூல்களுக்கு 1954-இல் இயற்றிய இன்னொரு சட்டம் காவலாக நிற்கிறது. இந்தியாவில் புத்தகம் வெளியிடுபவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பின்னர் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. பதிப்பகம் மூடினாலும் புத்தகம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும். ஆட்டங்களுக்கு அப்படி ஓர் அலமாரி இல்லை.

இதை அயல்நாட்டுப் பொழுதுபோக்கின் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. 2023 ஜூலை 31 அன்று டொராண்டோவின் விசை கேம்ஸ் வெண்பா என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1988-இல் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, தன் அம்மாவின் கிழிந்து மங்கிய சமையல் குறிப்பேட்டிலிருந்து இட்லியையும் புட்டையும் மீட்டெடுப்பதே ஆட்டம். 2024-இல் அது சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையை உலகமே ஆடிப் பார்த்தது. இந்தப் படைப்பு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழ் மாணவருக்குக் கிடைக்குமா என்பதை இன்று ஸ்டீம், நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் கடைகளே தீர்மானிக்கும். சிந்தாமணி கும்பகோணத்தில் மீண்டதைப் பெருமையாகச் சொல்லும் நாம், நம் காலத்துப் படைப்புகளை இப்படிப் பிறர் விருப்பத்தில் விடுவது சரியல்ல.

என்ன கேட்க வேண்டும்?

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் உண்மை உண்டு. சர்வர் நடத்தச் செலவாகும். பாடலுக்கும் கார் பெயருக்கும் பெற்ற அனுமதி காலாவதியாகும். பத்துப் பேர் ஆடும் ஆட்டத்துக்காக என்றென்றும் மின்சாரம் கட்டச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டக்காரர்கள் அதைக் கேட்கவில்லை. விற்பனையை நிறுத்துங்கள்; நிறுத்தும்போது, ஏற்கெனவே வாங்கியவர் உங்கள் உதவி இல்லாமல் ஆட வழிவிட்டுப் போங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. இதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1952-இல் குத்தகைதாரர் கேட்டதும் பட்டா அல்ல. நினைத்த நாளில் வெளியேற்றாதே என்பதுதான். பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும், பதிப்புரிமையும் உங்களிடமே இருக்கட்டும். விலை கொடுத்தவரை வெளியேற்றும் அதிகாரத்துக்கு மட்டும் சட்டம் வரம்பு கட்ட வேண்டும்.

மூன்று மாற்றங்களை இந்தியாவில் உடனே கேட்கலாம். 1954 சட்டத்தைத் திருத்தி, இந்தியாவில் உருவாகி வெளியாகும் ஆட்டங்களின் இயங்கும் பிரதி ஒன்று பொது நூலகத்துக்கு வரச் செய்ய வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், மின்னணு அல்லாத பிரதி வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், திரும்பப் பறிக்கப்படக்கூடிய அனுமதியைச் சொந்தப் பொருள் போல விற்பதை முறைகேடான வணிகம் என்று அறிவிக்க வேண்டும். சரசுவதி மகால் கருணையிலிருந்து உரிமைக்கு வர 1862-இலிருந்து 1918 வரை 56 ஆண்டுகள் ஆயின. பனையோலை அத்தனை காலம் பொறுத்தது. சர்வர் பொறுக்காது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய அசல் கேம் சிடி இருந்தால் குப்பையில் போடாதீர்கள். இயங்குகிறதா என்று பாருங்கள். சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் காப்பு நகலை எடுத்துவையுங்கள். உறையையும் கையேட்டையும் சேர்த்தே வையுங்கள். இனி ஓர் ஆட்டம் வாங்கும்போது, கடை இல்லாமலும் இணையம் இல்லாமலும் அது இயங்குமா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் இந்த மூன்று கோரிக்கைகளையும் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)